பேத்துப்பாறை வளைவில் இறங்கியவர்

வத்தலக்குண்டிலிருந்து வரும் முதல் பஸ்ஸின் கண்டக்டர், கோடைக்கானலில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தார். "டீச்சர், அய்யம்பாளையத்துல ஞானம் சிஸ்டர் தவறிட்டாங்க. வெள்ளனே உசிரு போயிருச்சாம். சாயங்காலம் அடக்கம்" என்றார். நான் கையில் சாக்பீஸுடன் அப்படியே நின்றேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை. இனி அவரிடம் கேட்க முடியாது என்ற நினைப்புதான் வந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலருடைய கையில் ஆஸ்பத்திரி நர்ஸான ஞானம் சிஸ்டர் அம்மை குத்திய தழும்பு இருக்கும். அவர் போடும் சத்தமும் நினைவிருக்கும். ஒருமுறை அவருக்கு உதவியாக நானும் மலைக் கிராமங்களுக்குப் போனேன். அவரைப் பார்த்ததும் ஓர் ஆள் பூண்டுக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார். சிஸ்டர் வரப்பில் நின்று கத்தினார்: "ஏலே, காட்டெருமைய நின்னு மொறைக்கிறவன், இந்த ஊசிக்கா ஓடுற? வெரசா வா, எனக்கு வேற சோலி கெடக்கு!"

"எரும குத்துனா ஒரு தடவதான் சிஸ்டர். நீங்க திரும்பத் திரும்பல்ல வர்றீங்க!" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

சிஸ்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் குத்திவிட்டும் வந்தார்.

அந்த நாளில் கோடைக்கானலில் அறுவை செய்யும் டாக்டர்கள் சீசனோடு வந்து சீசனோடு போய்விடுவார்கள். மழைக்காலத்தில் பிரசவம் சிக்கலானால் மதுரைக்குத்தான் இறங்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு இருந்தது ஒரே வேன். கிராமங்களில் கம்பளியை மூங்கிலில் கட்டி, நோயாளியை டோலியில் தூக்கி வருவார்கள். ஊர் எல்லையைத் தாண்டிய டோலி திரும்பக் கூடாது, திரும்பினால் பிணத்தோடுதான் திரும்பும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் மழையானாலும் ரோட்டோரத்தில் வைத்துக்கொண்டு காத்துக் கிடப்பார்கள். "ஒங்க டோலி திரும்பாது, எங்க வேன் வராது. நடுவுல புள்ளத்தாச்சி சாகணுமா?" என்று சண்டை போட்டு, சிஸ்டர் ஓர் ஏற்பாடு செய்தார். டோலி கிளம்பினால் முன்னால் ஒருவர் ஓடிவந்து ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும். பேத்துப்பாறைப் பாதை பெரிய ரோட்டில் ஏறும் வளைவுக்கு வேன் போய்விடும். "அவங்க பாதி வந்தா நாம பாதி போகணும்" என்பார்.

ஓர் ஐப்பசியில், பேத்துப்பாறையிலிருந்து டோலி கிளம்பிவிட்டது என்று ஆள் வந்து சொன்ன அதே காலையில்தான், நிறைமாதமாக இருந்த எனக்கு உதிரப்போக்கு தொடங்கியது. வேனில் என்னை ஏற்றினார்கள். படுக்க ஒருவருக்குத்தான் இடம். சிஸ்டர் என் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

வளைவில் வேன் நின்றது. கம்பளிக்குள் வெள்ளையம்மா கிடந்தார். குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். சிஸ்டர் இறங்கிப் போய்ப் பார்த்தார். ஏதோ குனிந்து பேசினார். பிறகு அவர் தன் பையை எடுக்க மட்டும் வேனுக்குத் திரும்பி வந்தார்.

"சிஸ்டரம்மா, வேன் எங்களுக்குன்னுதான சொன்னீங்க?" இது வெள்ளையம்மாவின் கணவர். குரலில் கோபம்கூட இல்லை.

"ஒங்களுக்கு நான் இருக்கேன்யா. வேன் அவங்களுக்கு" என்று சொல்லி, சிஸ்டர் கதவைச் சாத்தினார்.

மதுரையில் எனக்கு ஆபரேஷன் செய்து மகளை எடுத்தார்கள். வளைவுக்குப் பக்கத்தில் ரோட்டு வேலைக்காரர்களின் கொட்டகையில், சிஸ்டர் தன் கையாலேயே குழந்தையைத் திருப்பி எடுத்தார். தாய் பிழைத்தார். ஆண் குழந்தை அழவே இல்லை.

உதிரம் நிற்காதவளைத் தன்னால் காப்பாற்ற முடியாது, குறுக்கே கிடக்கும் குழந்தையை முயன்று பார்க்கலாம் என்று அவர் கணக்கிட்டிருக்கலாம். நான் டீச்சர், முனிசிபல் ஆபீஸ்காரரின் மனைவி என்பதும் அந்தக் கணக்கில் ஓர் ஓரமாக இருந்திருக்கலாம். எது என்று கேட்கத்தான் இத்தனை வருடமும் நினைத்தேன். பிள்ளைகளின் கண்ணையும் பல்லையும் பார்க்கப் பள்ளிக்கு வரும்போதெல்லாம் என் வீட்டில் காப்பி குடித்தார். என் மகளைப் பார்த்து, "நல்லா வளர்றா" என்பார். ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வெள்ளையம்மா பூண்டு விற்கும் பக்கம் நான் போவதில்லை.

அடக்கத்துக்குப் போகும் பஸ்ஸில் இடம் இருந்தது வெள்ளையம்மா பக்கத்தில் மட்டும்தான்.

"ஒக்காருங்க டீச்சர். கடிக்க மாட்டேன்" என்றார். உட்கார்ந்தேன். அந்த வளைவு வந்து, போனது. அவரே பேசினார்.

"அன்னைக்கு சிஸ்டர் எங்கிட்டக் கேட்டாங்க. 'வேன அந்தம்மாவுக்கு விடட்டுமா தாயி?'ன்னு. நான் தலைய ஆட்டுனேன்."

நான் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"சரின்னு ஆட்டுனேனா, வலியில ஆட்டுனேனான்னு எனக்கே தெரியல டீச்சர். சிஸ்டருக்கும் அதே கொறைதான். ஐப்பசி வந்தா வீட்டுக்கு வந்துருவாங்க. 'நீ சரின்னுதான ஆட்டுன?'ம்பாங்க. ஒரு தடவையும் நான் பதில் சொல்லல. சொல்லியிருக்கலாம். அடுப்பப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்." கொஞ்ச தூரம் போனபின் கேட்டார்: "பாப்பா என்ன படிக்குது?"

ஹைஸ்கூல் என்றேன். விரலை மடக்கி எதையோ எண்ணிப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அய்யம்பாளையத்துக் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டார்கள். வெள்ளையம்மா ஒரு பிடி அள்ளிக் குழியின் ஓரத்தில் குந்தி, உள்ளே படுத்திருப்பவருக்குக் காது மந்தம் என்பதுபோல உரக்கச் சொன்னார்: "சரின்னுதான் ஆட்டுனேன் சிஸ்டர். நிம்மதியாப் போங்க."

அது சிஸ்டருக்குக் கொடுத்த சொல். அதில் நான் பங்கு கேட்க முடியாது. என்னிடம் இருப்பது, வேன் கதவு சாத்தும்போது கேட்ட "ஒங்களுக்கு நான் இருக்கேன்யா" என்ற குரல் மட்டும். என் மகள், தான் பிறந்த கதையை அடிக்கடி சொல்லச் சொல்வாள். இதுவரை வேனில் ஆரம்பித்து மதுரையில் முடித்துவிடுவேன். இனி வளைவில் நிறுத்தி, சிஸ்டர் இறங்கிப் போன அந்தக் கொட்டகைக்கும் அவளைக் கூட்டிப் போவேன்.