எல்லை தாண்டினால் கொதிக்கும் வண்டி

ஊரெல்லாம் அடம்பிடிக்கிற வண்டி, மெக்கானிக் முகத்தைப் பார்த்ததும் நல்ல பிள்ளை ஆகிவிடும். எங்கள் தொழிலின் தலைவலியே அதுதான். பல் டாக்டர் வாசலில் பல்வலி நின்றுபோய்த் திருதிருவென்று விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படியென்றால் நீங்களும் நம் கட்சி. மேலே படியுங்கள்.

வளையல் போடப் போனவர்

கணேசன் அண்ணன் ஈசூனில் எங்கள் வொர்க்‌ஷாப்புக்கு அடுத்த பிளாக்கில் இருப்பவர். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கிற எல்லோரும் அதற்குக் கொஞ்சம் செல்லம் கொடுப்பார்கள்தான். அண்ணன் ஒரு படி மேலே. மழை வந்தால் காரை வீட்டில் விட்டுவிட்டு, குடை பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போவார்.

மகளை எல்லைக்கு அந்தப் பக்கம் ஈப்போவில் கட்டிக் கொடுத்திருந்தார். வளைகாப்புக்கு அவரும் புஷ்பா அக்காவும் காரில் கிளம்பினார்கள். ஜொகூர் தாண்டி நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏற ஆரம்பித்து, பானெட்டிலிருந்து ஆவி வந்திருக்கிறது. நிறுத்தி, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, கிளம்பி, மறுபடி நிறுத்தி, இவர்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்களாம்.

வண்டியை என்னிடம் விட வந்தபோது அக்காவும் கூட வந்தார். பிரசவத்துக்காவது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். என்ன ஆச்சு என்று நான் கேட்டது அண்ணனை. பதில் சொன்னது அக்கா: "மகளுக்கு வளையல் போடப் போனேன் தம்பி. ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தேன்."

ஈசூனில் தங்கம்

நிற்கும்போது சூடானால் ஃபேனைச் சந்தேகப்படலாம். ஓடும்போது சூடானால், தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை, இல்லாவிட்டால் முன்பக்கம் காற்று வரவில்லை. தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். வாட்டர் பம்பை மாற்றினேன். ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தால், ஈப்போ வரை போய்வந்த வண்டியில் ஒரு பூச்சி கூட ஒட்டியிருக்கவில்லை. எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார் என்று அண்ணனைப் பாராட்டவும் செய்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

விரைவுச்சாலையில் அனுமதித்த வேகம் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். முள் நடுவில் உட்கார்ந்து தூங்கியது. சரியாகிவிட்டது என்று கொடுத்தனுப்பினேன். அண்ணன் மலாக்கா வரை போனார், கொதித்தது. திரும்பி வந்தார். கழுவித் துடைத்து, மணப்பெண் மாதிரி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். எனக்கு ராத்திரி தூக்கத்தில் கூட அந்த முள்தான் வந்தது.

என்னோடு வேலை செய்கிற லிம், அதிகம் பேசாத மனிதர். நான் கழற்றிப் போட்ட பழைய சாமான்களையும், கண்ணில் நீர் முட்ட நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எவ்ரிதிங் சேஞ்ச் ஆல்ரெடி. நெக்ஸ்ட், சேஞ்ச் கஸ்டமர் லா."

கூலாய்க்கு முன்னால்

வேறு வழி தெரியாமல், ஒரு சனிக்கிழமை காலை பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, அண்ணனை ஓட்டச் சொல்லி நானும் வண்டியில் ஏறினேன். எல்லை தாண்டி யோங் பெங் வரை போவது, கொதிக்கிறதா என்று பார்ப்பது, திரும்புவது. அக்கா பின்சீட்டில் பத்தியச் சாமான் பையோடு உட்கார்ந்திருந்தார். இது வெறும் டெஸ்ட்தான் அக்கா என்றேன். மகளுக்கு நாள் நெருங்குகிறது, எதற்கும் இருக்கட்டும் என்றார்.

வுட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி தாண்டி, கூலாய்க்கு முன்னால் ஒரு பெட்ரோல் நிலையத்தில் அண்ணன் வண்டியை நிறுத்தினார். அவர் இறங்கிய நேரம் பார்த்து அக்காவுக்கு ஃபோன். மருமகன். மகளுக்கு வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு, பஸ் பிடித்தே போய்விடுகிறேன் என்று இறங்கிவிட்டார். நானும் இறங்கி அண்ணனைத் தேடினேன். அவர் வண்டிக்கு முன்னால் குந்தி, டிக்கியிலிருந்து எடுத்த கொசுவலையை நாலாக மடித்து, கிரில்லை மூடி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

நெடுஞ்சாலைப் பூச்சி அடித்து ரேடியேட்டர் பாழாகிவிடக் கூடாதாம். சிங்கப்பூருக்குள் கட்டினால் அபராதம் வருமோ என்று பயமாம். அதனால் போகும்போது எல்லை தாண்டியதும் கட்டுவார், வரும்போது எல்லைக்கு முன்னாலேயே அவிழ்த்துவிடுவார். வண்டிக்கு மூச்சு விடுகிற வழியை அடைத்துவிட்டு நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியிருக்கிறார் மனுஷன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அண்ணன் நிஜமாகவே குழம்பிப்போய்ப் பார்த்தார். "நீங்க எஞ்சினப் பத்தித்தானே தம்பி கேட்டீங்க? இது வெளியதானே இருக்கு."

ஈப்போ வரை

கட்டை அறுத்து, வலையை டிக்கியில் எறிந்தேன். இனி வண்டி நிற்காது, ஏறுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா பையோடு ஏறினார். யோங் பெங், மலாக்கா, சிரம்பான் என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. அக்கா ஒன்றையும் பார்க்கவில்லை. இரண்டு சீட்டுக்கு நடுவில் தலையை நீட்டி, முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். முள் அசையவில்லை.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மகளை இன்னும் பிரசவ அறைக்குக் கொண்டுபோகவில்லை. அக்கா போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் அண்ணனும் வெளியே நின்றோம். சம்பந்தி வீட்டார் கிரீஸ் படிந்த என் சட்டையைப் பார்த்து, இவர் உங்களுக்கு என்ன உறவு என்று விசாரித்தார்கள்.

சாயங்காலம் பேத்தி பிறந்தாள். அண்ணன் சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், வலையை இங்கேயே குப்பையில் போட்டுவிட்டுத்தான் திரும்புவது என்று அவரிடம் கறாராகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் அக்கா குரல் கேட்டது. "போட்டுறாதீங்க தம்பி. துவைச்சா பிள்ளை தொட்டிலுக்கு ஆகும்."

இப்போதெல்லாம் வண்டி சூடாகிறது என்று யார் வந்தாலும், பானெட்டைத் தொடுவதற்கு முன்னால் டிக்கியைத் திறந்து பார்த்துவிடுகிறேன்.