தம்பியின் வண்டிக்கு வந்த விலைகள்

தம்பி இறந்து ஐந்தாவது மாதம், அவனுடைய பைக்கை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். திருத்தணியில் கூரியர் பார்சல்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தான். மஞ்சள் காமாலை முற்றி, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போனான். அப்பா எங்கள் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. மிச்சம் நானும் அம்மாவும்தான். இருவருக்குமே வண்டி ஓட்டத் தெரியாது.

அம்மா தினமும் காலையில் அதைத் துடைத்து, இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பாள். பேட்டரி இறங்கிவிடக் கூடாதாம். அந்தச் சத்தம் கேட்டாலே அவன் வேலைக்குக் கிளம்புகிற மாதிரி இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பழைய பொருள்கள் விற்கும் ஆப் அவன் போனிலேயே இருந்தது. புதுக் கணக்குத் தொடங்க எனக்குப் பொறுமையில்லை. அவன் கணக்கிலேயே நான்கு படங்கள் போட்டு, மூன்று வருட வண்டி, ஒரே ஓனர், ஐம்பத்தைந்தாயிரம் என்று எழுதினேன். அரை மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிட்டார்கள். முப்பதுக்கு முடித்துக்கொள்ளலாமா என்றான் ஒருவன். இன்னொருவன் வணக்கம்கூடச் சொல்லாமல் 25 என்ற எண்ணை மட்டும் அனுப்பினான். நகரியிலிருந்து ஒருவர், வண்டியை ஆந்திராவுக்கு மாற்ற அலைச்சல் இருக்கிறது, அதனால் பாதி விலைக்குக் கொடு என்று தெலுங்கில் எழுதினார். எல்லாருமே 'ப்ரோ' என்றுதான் கூப்பிட்டார்கள். கணக்கில் இருந்தது கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரிக்கும் அவன் படம். முதல் நாள் எல்லாருக்கும் மரியாதையாகப் பதில் போட்டேன்.

எனக்கு அரக்கோணத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை. காலை ரயிலுக்குப் போனால் இருட்டித்தான் வீடு. அம்மா பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறாள், மூன்று மணிக்கு வந்துவிடுவாள். அதனால் தம்பியின் போனை அவளிடம் விட்டுவிட்டு, யாராவது கூப்பிட்டால் சாயங்காலம் பேசச் சொல் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

முதல் வாரம் நாற்பதுவரை கேட்டவர்கள் இருந்தார்கள். இரண்டாவது வாரம் இருபதுக்கு மேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை. படம் சரியில்லையோ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அம்மாவுக்கு எழுத வராது. வந்த ஒவ்வொருவனுக்கும் குரல் பதிவில் பதில் சொல்லியிருந்தாள்.

"நைனா, நான் அவன் அம்மா பேசறேன். அவன் இல்ல நைனா, பூட்டான். நீ அவனக் கூப்ட்டுகினே கீற, அதான் சொல்றேன். வண்டி நல்ல வண்டி. மழைல நனைய வுடமாட்டான்."

பதினேழு பேருக்கு இதைச் சொல்லியிருந்தாள். சிலருக்கு அவன் கடைசியாகக் கஞ்சி குடித்ததுவரை. சிலர் அத்தோடு காணாமல் போயிருந்தார்கள். ஒருவன் கும்பிடும் கைகள் படத்தை அனுப்பிவிட்டு, அதற்குக் கீழேயே பதினெட்டுக்குத் தருவீர்களா என்று கேட்டிருந்தான்.

நான் கத்திவிட்டேன். ஊரெல்லாம் சொன்னால் ஆக்சிடென்டில் போனவன் வண்டி என்றுதானே நினைப்பார்கள், யார் வாங்குவார்கள் என்றேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அவனத்தான கூப்புடறாங்க. அவன் இல்லன்னு நான்தான சொல்லணும்" என்றாள்.

விளம்பரத்தை எடுத்துவிட்டு, என் போனில் புதிதாகக் கணக்குத் தொடங்கி, நாற்பத்தைந்தாயிரம் என்று மறுபடியும் போட்டேன். படங்கள் பழையவைதான். மறுநாளே ஒருவன் கண்டுபிடித்துவிட்டான். 'அக்கா, இது அந்த செத்துப்போனவர் வண்டிதானே, பதினஞ்சு தரேன், இதுக்கு மேல யாரும் தர மாட்டாங்க' என்று எழுதினான். மஞ்சள் காமாலையில் போனான், வண்டிமேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதினேன். என்ன அத்தாட்சி என்று கேட்டான்.

கடையில் கூட்டம் இல்லாத நேரம். வண்டிக்குப் பெயர் மாற்ற வேண்டுமே என்று இறப்புச் சான்றிதழைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். என்ன நினைத்தேனோ, அதை அவனுக்கு அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டு, 'இதுல எப்படி செத்தார்னு போடலையே' என்றான். கொஞ்சம் பொறுத்து, சரி, பதினேழு என்றான். அவனை பிளாக் செய்துவிட்டு, மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். முகம் தெரியாத ஒருவனிடம், என் தம்பி வண்டியில் சாகவில்லை என்று இரண்டாயிரம் ரூபாய்க்காக வாதாடியிருக்கிறேன். வெளியே யாரோ காய்ச்சல் மாத்திரை கேட்டுக் கூப்பிடும்வரை என்னால் நகர முடியவில்லை.

கடைசியில் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒருவர் மனைவியோடு நேரில் வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர், முப்பத்தைந்து வயது இருக்கும். தம்பி இறந்த விவரம் அவருக்கும் தெரிந்திருந்தது. ஹேண்டில்பார், ஃபோர்க், சேசிஸ் என்று ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்த்தார். எங்கும் அடிபட்ட தடம் இல்லை. அம்மா டீ கொடுத்தாள். அவர் முப்பத்திரண்டு தருவதாகச் சொன்னார். அவருடைய மனைவி மட்டும் வண்டியைத் தொடாமல் நின்றிருந்தார். கணவர் காதில் ஏதோ சொல்ல, அவர் சங்கடத்தோடு அம்மாவைப் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. வூட்ல பயப்படறாங்க. புள்ள வண்டில போவலன்னு ஒரு வார்த்த சத்தியம் பண்ணிடுங்க."

அதெல்லாம் வேண்டாம், வண்டியே கொடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா எழுந்து என்னிடம் வந்து, என் உச்சந்தலையில் கையை வைத்தாள்.

"கீறது இவ ஒருத்திதான். இவ தல மேல சத்தியம். ஆஸ்பத்திரிலதான் போனான்."

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போனபின் அம்மா டீ டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள். சொன்னது உண்மைதான். ஆனாலும் அன்று முழுக்க எனக்கு அவள்மேல் ஒரு கோபம் இருந்தது. ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் பெயர் மாற்ற முடியும். அது வருவதற்குள்ளேயே, ஒரு மாதம் போல் ஆகியிருக்கும், ஒரு நாள் காலை அந்த ஆர்.கே.பேட்டைக்காரர் கூப்பிட்டார். மனைவி பின்னால் உட்கார்ந்து போகும்போது ஒரு திருப்பத்தில் சறுக்கி விழுந்துவிட்டாராம். முழங்காலில் சிராய்ப்புதான், மண் ரோடு, வண்டியைக் குறை சொல்ல முடியாது என்று அவரே சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் அதன்மேல் உட்காரவே மாட்டேன் என்கிறார்களாம். சித்தூர் பக்கம் ஒருவர் இருபத்தாறுக்குக் கேட்டார், கொடுத்துவிட்டேன், பேப்பர் வந்ததும் கையெழுத்து மட்டும் போட்டுத் தர வேண்டும் என்றார். ஸ்பீக்கரில்தான் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"வாங்கனவருகிட்ட புள்ள விஷயம் சொன்னீங்களா?"

"சொல்லலம்மா. சொன்னா எடுப்பாங்களா" என்றார்.

அம்மா போனை என்னிடம் நீட்டினாள். சத்துணவுக் கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். என்றைக்கு எங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.