விசா போட்டோ

மகளின் ஸ்கூல் அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவை வாங்க இன்று காலை கடைவீதி ஸ்டூடியோவுக்குப் போனேன்.

கடைக்காரர் கவரைக் கொடுத்துவிட்டு, "சாரோட விசா போட்டோவும் ரெடியா இருக்குதுங்க. சேத்தே தரட்டுமா?" என்றார்.

"எப்ப எடுத்தாரு?"

"போன செவ்வாக்கெழமங்க. அவசரம்னு சொன்னாரு."

மஸ்கட்டில் எட்டு வருடம் நர்ஸாக இருந்தேன். "அம்மா தனியா இருக்காங்க. ஊருக்கே போயிடலாம், இனிமே நான் எங்கியும் போவ மாட்டேன்" என்று சொல்லி, என்னை ராஜினாமா செய்ய வைத்தவர் என் கணவர்தான். விருத்தாசலத்துக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. செராமிக் தொழிற்பேட்டையில் அவருக்குக் கிடைத்த வேலை பிடிக்கவில்லை என்று தினமும் புலம்புவார். போகப்போகப் பழகிவிடும் என்று நான்தான் சமாதானம் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து அவருடைய போட்டோவை மாமியாரிடம் காட்டினேன். அவர் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவேயில்லை.

"உங்கிட்ட இன்னும் சொல்லலியா? மஸ்கட்டுலயே வேல கெடச்சிடுச்சு. அடுத்த மாசம் கெளம்புறான். நீ அழுவேன்னு பயந்திருப்பான்."

மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் கேட்டேன்.

"அம்மாவ பாத்துக்க நீ இருக்கிற தைரியத்துலதான் போறேன்" என்றார், ஏதோ என்னைப் பாராட்டுகிற மாதிரி.

நான் அழவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரௌசிங் சென்டருக்கு வந்தேன். என் பழைய ஆஸ்பத்திரிக்கு, என் இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டு மெயில் அனுப்பிவிட்டேன்.

வீட்டில் யாருக்கும் தெரியாது. எத்தனை நாள் கழித்துச் சொன்னால் முறையாக இருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.