நம்பர் மாறிய மகனைத் தேடி நெருப்பெரிச்சல் போய் வந்தது

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். மறதியும் வந்துவிட்டது. நினைவில் நிற்பதை எழுதுகிறேன்.

2009ஆம் வருடம், ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் கொமரலிங்கம். வீட்டுக்காரர் உடுமலைப்பேட்டையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகனுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் செந்திலுக்குத் திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனியில் தையல் வேலை. பொங்கலுக்கு வந்தபோது அப்பனோடு வாய்ச்சண்டை போட்டுப் போனவன்.

முந்தின நாள் பக்கத்துக் கட்டில்காரர்கள் தங்கள் செல்லில் அவன் நம்பரைப் போட்டுக் கொடுத்தார்கள். யாரோ தெற்கத்தி ஆள் எடுத்தார்.

"எம்மா, இது இப்ப என் நம்பருல்லா. புது சிம்முன்னு தந்தான். உங்க மவனுக்குப் பொண்ணு குடுக்கவங்க கூட எனக்குத்தான் கூப்பிடுதாவ. நானும் போட்டோ அனுப்பச் சொல்லிட்டேன்."

சிரிப்புக்குத்தான் சொன்னார். கட்டிலில் கிடந்த வீட்டுக்காரர் காதில் விழுந்துவிட்டது. "நம்ம தொந்தரவே வேண்டாம்னு மாத்திக்கிட்டான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் கம்பிப் போன் உண்டு. ஆனி மாதம் ஏதோ கம்பெனி இன்டர்நெட் ஒயர் புதைக்க ரோட்டைத் தோண்டியதில் அது செத்துப்போனது. எழுதிக் கொடுத்தும் யாரும் வரவில்லை. உயிர் வந்திருக்குமா என்று வீட்டுக்காரர் தினமும் எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார்.

காலை ஆறு மணிக்கு நாத்தனாரைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு பஸ் ஏறினேன். பல்லடம் வழியாகத் திருப்பூர் அறுபது கிலோமீட்டருக்குப் பக்கம். டிக்கெட் பதினெட்டு ரூபாய் என்று நினைவு. கோழிப்பண்ணைச் சுவர், தறிக்கூடச் சுவர் என்று ஒன்று விடாமல் செல் கம்பெனிகள் விளம்பரம் எழுதியிருந்தார்கள். செகண்டுக்கு ஒரு பைசா என்று ஒருவர், அதைவிடக் குறைவு என்று இன்னொருவர்.

பக்கத்தில் இருந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். "எங்கூட்டுக்காரரும் இப்படித்தானுங்க. எந்த நம்பர்ல கூப்பிட்டுத் திட்டறதுன்னே தெரியலீங்க" என்றாள்.

திருப்பூரில் டவுன் பஸ் மாறி நெருப்பெரிச்சல் சேரும்போது மணி பத்து. கம்பெனி கேட் பூட்டியிருந்தது. "செந்திலுங்களா? ஆர்டர் கொறஞ்சப்பவே வேற கம்பெனிக்குப் போயிட்டானுங்க அம்மா" என்றார் வாட்ச்மேன். அவன் கொடுத்து வைத்திருந்த நம்பர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்று உபயோகத்தில் இல்லை, ஒன்று அணைத்திருந்தது, ஒன்றில் ஒரு பெண் இந்தியில் சத்தம் போட்டாள்.

அங்கே சனிக்கிழமை சம்பளம். மறுநாள் காலையில் ரோட்டோரம் குடை விரித்து சிம் விற்பார்கள். காசு போடுவதைவிடப் புது சிம் மலிவு. அதனால் இலவசப் பேச்சு தீர்ந்ததும் பழையதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். சாக்கடை ஓரம் சிம்கள் பொத்தான் போலச் சிதறிக் கிடந்தன.

ஒவ்வொரு குடையாக விசாரித்துக்கொண்டே நடந்தேன். உச்சிப்பொழுதில் ஒரு குடையடியில் வரிசையில் நின்றிருந்தான், கையில் போட்டோவும் ரேஷன் கார்டு நகலும் வைத்துக்கொண்டு.

"அம்மா! நீங்க எங்கீங்க இங்க?"

"உங்கப்பா ஆஸ்பத்திரியில கெடக்கறாரு சாமி. நம்பர மாத்துனா ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொல்லத்தானுங்க ஊட்டுக்குக் கூப்பிட்டேன். வாரா வாரம் கூப்பிட்டேன். மணி போகுது, யாரும் எடுக்கல. அப்பா எடுக்க உடலைன்னு நெனச்சுட்டனுங்க."

"அது செத்து நாலு மாசமாச்சு கண்ணு."

"இல்லீங்கம்மா. மணி போச்சுங்க."

வரிசையை விட்டு அப்படியே வந்துவிட்டான். பல்லடம் தாண்டும் வரை அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தான். "அப்பாகிட்ட நானே சொல்லிக்கறனுங்க" என்றான்.

உடுமலை சேர்ந்தபோது மணி நாலு. நாத்தனார் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அவர் உயிர் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. செந்தில் அவர் கால்மாட்டில் நின்று, "கூப்பிட்டனுங்கப்பா" என்றான்.

காரியத்துக்கு வந்தவர்கள், செத்த போனில் எப்படி மணி போகும், பையன் புளுகுகிறான் என்று என் காதுபடவே பேசினார்கள்.

தூரம், டிக்கெட் விலை தப்பாக இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். டெலிபோன் வேலை தெரிந்தவர்கள் இன்னொன்றையும் விசாரித்துச் சொல்லவேண்டும். கம்பி அறுந்த வீட்டுக்குக் கூப்பிட்டால், கூப்பிடுகிறவர் காதில் மணி கேட்குமா? அவனிடம் மறுபடி கேட்க எனக்கு மனம் வரவில்லை.