மீன் கிடங்கில் சோதித்த குல்லாக்கள்

மலேசியாவில், கிள்ளானில் ஒரு மீன் கிடங்கின் குளிர் அறையில் வேலை செய்கிறேன். மாதா கோவில் பெண்கள் சங்கத்தில் எனக்கு மரியாதை வந்தது அந்த ஒரே தகுதியால்தான்.

லெபனானில் அமைதிப் படைக்குப் போயிருந்த நம் நாட்டுப் பையன்களுக்காகச் சங்கத்துப் பெண்கள் கம்பளிக் குல்லா பின்னினார்கள். அங்கே சண்டை, போதாததற்குக் குளிர்காலம். பின்னியவர்களோ கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே பின்னினார்கள்.

"குளிர் தாங்குமான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்று தலைவி கேட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்கு மாட்டி உள்ள அனுப்புங்க லா, ஆன்டி," என்றாள் என் மனைவி.

காலையில் ஒரு குல்லா, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. என் தலை கொஞ்சம் பெரியது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்கூட லேசில் கிடைக்காது. அதனால் எல்லாக் குல்லாவும் என் தலைக்கு அளவெடுத்தே வளர்ந்தன. பூனைக் காது வைத்த ஒன்றைப் போட்டுக்கொண்டு போனபோது, கூட வேலை செய்பவன், "பாஸ், பால் வேணுமா?" என்றான்.

பெண்களிடம் எனக்குப் பேச்சு வராது. சாயங்காலம் எல்லாரும் என் வாயைப் பார்ப்பார்கள். "நல்லா இருக்கு" என்பேன். எல்லாவற்றுக்கும் அதுதான்.

சங்கத்தில் ஒருவருடைய மகன் மட்டும் நிஜமாகவே லெபனானில் இருந்தான். அந்த அம்மா தன் குல்லாவை என்னிடம் தனியாகக் கொடுத்தார்.

"அண்ணே, சின்னதிலேர்ந்து அவனுக்குக் காது வலி. குளிர் பட்டா துடிச்சுருவான். உண்மையச் சொல்லணும்."

அவருக்குத் தெரிந்தது பலிபீட விரிப்புக்குப் போடும் லேஸ் மாதிரியான ரேந்தைப் பின்னல் மட்டும்தான். குல்லா முழுக்கப் பூப்பூவாக ஓட்டை. பத்து நிமிடத்தில் என் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம், "நல்லா..." என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் நின்றுவிட்டது.

"காது செத்துப் போச்சும்மா."

மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப என்னோடது? அதுவும் பொய்யா?"

எல்லாக் குல்லாவும் மறுபடி சோதனைக்கு வந்தன. அந்த அம்மா அங்கேயே நூலைப் பிரித்து, என்னை நாற்காலியில் உட்காரவைத்து, ஓட்டையில்லாமல் இரட்டையாகப் பின்னினார். மறுநாள் குளிர் அறையில் என் காதுக்கு வியர்த்தது.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் மகனிடமிருந்து படம் வந்தது. அந்த அம்மா ஓடிவந்து கைப்பேசியை நீட்டினார். மூக்கு நுனிவரை குல்லா. அதன் கீழே பல் தெரியச் சிரிக்கும் ஒரு வாய்.

"கண்ணு தெரியலையேம்மா," என்றேன்.

"கண்ணு கெடக்கட்டும்ணே. காது வலிக்கலையாம்!"