ரோஸ் வீட்டுக்குச் சாம்பல் அடித்தவள்

உங்கள் வீடு என்ன நிறம்?

ஐந்து வயதுப் பிள்ளைகளைக் கேட்பதற்காக யாரோ யோசித்து அச்சிட்ட கேள்வி இது. எனக்கு முப்பத்து மூன்று வயதாகிறது, முதுகலைப் பட்டம் இருக்கிறது, ஆனாலும் இதற்கு இன்னும் பதில் எழுத முடியவில்லை. பின்லாந்தில் நாங்கள் இருக்கும் தம்பெரே நகரத்தில், பகல்நேரக் காப்பகத்துக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு உண்டு. 'கன்சியோ' என்பார்கள். பிள்ளை வரைந்தது, கத்தரித்தது, ஒட்டியது எல்லாம் அதில் சேரும். காப்பகத்தை விட்டுப் போகிற அன்று பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புவார்கள். என் மகள் லியாவின் கோப்பில் எல்லாப் பக்கங்களும் நிரம்பிவிட்டன. 'வீடு' என்ற பக்கத்தில் மட்டும் அந்தக் கேள்விக்குக் கீழே ஒரு கோடு இன்னும் வெற்றாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூட வீட்டுப்பாடம் முடிக்காமல் போனவள் இல்லை நான்.

லியா என்பது இரண்டு ஊரிலும் வாயில் நுழைய வேண்டும் என்று தேடித் தேடி வைத்த பெயர். இரண்டு ஊரிலும் "இது எந்த ஊர்ப் பெயர்?" என்றுதான் கேட்கிறார்கள்.

தம்பெரேயில் நவம்பர் மாதம் வானம், ஏரி, சாலை, எங்கள் அடுக்ககம் எல்லாம் ஒரே பானையில் கலக்கிய சாம்பல் மாதிரி இருக்கும். மக்கள் கறுப்பு மேலங்கி போட்டுக்கொண்டு நடப்பார்கள். இருட்டில் வண்டி மோதிவிடக் கூடாது என்று அந்தக் கறுப்பிலிருந்து பளபளவென்று மின்னும் ஒரு வில்லையைத் தொங்கவிடுவார்கள். முதலில் கண்ணுக்குத் தெரியாத உடையை வாங்கி, பிறகு தெரிவதற்கு ஒரு வில்லையை வாங்கும் ஊர். நான் சிரித்தேன். அடுத்த ஆண்டு நானும் கறுப்பு மேலங்கி வாங்கினேன். லியாவுக்கு அம்மா அனுப்பிய மயில்நீலப் பாவாடைகளை அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டு, ஓட்ஸ் கஞ்சி நிறத்தில் உடைகள் வாங்கினேன். மற்ற அம்மாக்கள் அப்படித்தான் வாங்கினார்கள். பிள்ளை தனியாகத் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயம்.

இப்படிப்பட்ட நான்தான் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நிறம் தேடி உலகம் சுற்றினேன். மொராக்கோவில் ஊர் முழுக்க நீலம் பூசிய சந்து, லிஸ்பனில் மஞ்சள் டிராம், வெனிஸுக்குப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு வேறு வேறு சாயம் அடித்த ஒரு தீவு. படங்களைப் போடுவதற்கென்று இணையத்தில் ஒரு பக்கம் வேறு. அந்தத் தீவில் ஒரு ரோஸ் வீட்டின் பச்சைக் கதவுக்கு முன்னால் லியாவை நிறுத்தி, வெயில் சரியாக விழட்டும் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். மாடியிலிருந்து ஒரு அம்மாள் இத்தாலிய மொழியில் ஏதோ கத்தினார். வாழ்த்துகிறார் என்று நினைத்துக் கையசைத்தேன். அவர் ஜன்னலைச் சாத்தினார். என் கணவர் பிரவீன் பையைத் தோள் மாற்றிக்கொண்டு சொன்னார்: "ஷீபா, இது உங்க கள்ளிக்குப்பத்து வீடு மாதிரியேதான்டி இருக்கு. அங்கயே நின்னிருந்தா மாமியாராவது காப்பி குடுத்திருப்பாங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் அது உண்மை. அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில், செங்குன்றம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், எங்கள் அப்பா கட்டிய வீடு அச்சு அசலாக அந்த ரோஸ்தான். ஜன்னலைச் சுற்றிக் கிளிப்பச்சையில் பட்டை, மாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கத்தரிப்பூ நிறம். கேஸ் சிலிண்டர் போடுகிறவரிலிருந்து சபையின் போதகர் ஐயர் வரை எல்லோருக்கும் அது 'ரோஸ் ஊடு'. பள்ளியில் படிக்கும்போது தோழிகளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுவேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அந்த வீட்டைவிட நான் சுமார் நிறமாக இருந்தது வேறு கதை.

தீவிலிருந்து திரும்பிய மறுநாள் நான் அலுவலகத்தில் இருந்தபோது அப்பா வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் ரோஸ் சுவர். என் பக்கத்தில் அலுவலகத் தோழி ஒருத்தி காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிறாளே என்ற பதற்றத்தில் சொன்னேன்: "அப்பா, கண்ணு கூசுதுப்பா. இங்கெல்லாம் யாருமே இப்படி அடிக்க மாட்டாங்க. டீசன்ட்டா ஒரு லைட் கிரே அடிக்கக் கூடாதா?" அப்பா, "அப்பிடியா பாப்பா?" என்றார். போனை வைத்துவிட்டு, தீவின் ரோஸ் சுவரை இணையத்தில் ஏற்றி, 'நிறம் என்பது துணிச்சல்' என்று கீழே எழுதினேன். நிறையப் பேருக்குப் பிடித்திருந்தது.

பிறகு காப்பகத்தில் அந்தச் சம்பவம். தாத்தா வீட்டை வரையச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஏரிக்கரையில் சிவப்பு மரவீடு வரைய, லியா ரோஸ் வீடு வரைந்து, பச்சைப் பட்டை போட்டு, மாடியில் கத்தரிப்பூ நிறத்தைத் தேய்த்திருந்தாள். மூன்று வயதில் ஒருமுறை போயிருந்தபோது அந்தச் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துப் பார்த்தவள் அவள். ஆசிரியை ஐனோ ஓவியத்தை என்னிடம் காட்டி, "இப்படி ஒரு வீடு உண்மையிலேயே இருக்கிறதா?" என்று கேட்டார். பின்லாந்துக்காரர் முகத்தில் எதையும் படிக்க முடியாது. குறை சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. "இல்லை, குழந்தையின் கற்பனை" என்றேன். ஐனோ தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார். லியா என் மேலங்கியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வேதாகமத்தில் சீடன் தன் குருவைத் 'தெரியாது' என்றதும் ஒரு சேவல் கூவும்; இங்கே சேவல் ஏதும் கூவவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டாள்: "அம்மா, தாத்தா வீடு பொய்யா?"

அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போவதென்று முடிவு செய்தோம். ரோஸ் வீட்டுக்கு முன்னால் லியாவை நிறுத்தி, என் வாழ்க்கையிலேயே நல்ல படமாக ஒன்று எடுத்து, ஐனோவிடம் கொடுத்து, பொய் சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்ல வேண்டிய வாக்கியங்களை பின்னிஷ் மொழியில் எழுதி மனப்பாடம்கூடச் செய்துகொண்டேன். லியாவிடம், "போய்ப் பார், அப்படியே இருக்கும்" என்று வாக்குக் கொடுத்தேன்.

விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சி எங்கள் தெருவை இரண்டு முறை சுற்றியது. ஓட்டுநர் பொறுமை இழந்தார். "இன்னா மேடம், ரோஸ் ஊடுன்னீங்க. இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி பாத்தாச்சு. ரோஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஊடு இங்கதான் கீதா?"

எனக்கும் தெரியவில்லை. பிறந்து வளர்ந்த வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது. அப்பா கேட்டுக்கு வெளியே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் வீடு. சாம்பல் நிறம். மேலிருந்து கீழ் வரை, ஜன்னல் பட்டை, கைப்பிடிச் சுவர், கேட் எல்லாமே. வாசலில் தொங்கிய காகித நட்சத்திரம் மட்டும் சிவப்பாக இருந்தது.

"எப்பிடி பாப்பா?" அப்பா முகமெல்லாம் பல். "நீ இருக்கற அப்பார்ட்மென்ட் போட்டோ அனுப்புனல்ல, அத்த கடையில காட்டி, மிசின்ல மேச் பண்ணி வாங்கியாந்தேன். உள்ள ஹாலும் அதே கலருதான். உன் ஊட்டுல இருக்கற மாதிரியே இருக்கட்டும்னு."

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் பிறந்தால் சுவருக்குப் புதுச்சாயம் அடித்தாக வேண்டும். பலகாரம் பிந்தலாம், புதுத்துணி பிந்தலாம், வெள்ளையடிப்பு பிந்தக் கூடாது. வெளிநாட்டிலிருந்து பிள்ளை வருகிற வருடமென்றால் அந்தப் பிள்ளையின் ரசனைக்கு அடிப்பார்கள். என் ரசனையை நானே வாய்விட்டுச் சொல்லியிருந்தேன், வீடியோவில், சாட்சியோடு.

காரிலிருந்து இறங்கிய லியா வீட்டை மேலும் கீழும் பார்த்தாள். அழவில்லை. "அம்மா, ஐனோகிட்ட நீ சொன்னது சரிதான். ரோஸ் வீடு இல்ல. நான்தான் சும்மா நெனச்சிட்டேன்" என்றாள். தான் கண்ணால் பார்த்ததை நம்ப வேண்டாம் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்துவிட்டேன். எனக்கு அதற்கு இருபது வருடமாவது பிடித்தது.

தெரு சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு மேரி அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா ஷீபா, உங்கப்பா சிமெண்ட்டுப் பூச்சோட நிறுத்திட்டாரு? பெயின்ட்டு எப்பம்மா?" என்றார். சபையில் ஒருவர் அப்பாவின் கையைக் குலுக்கி, "இன்னா சாமுவேலு, லெந்து காலம் இப்பவே வந்துடுச்சா?" என்று ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் துக்க நோன்பைச் சொல்லிச் சிரித்தார். அப்பா எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "உனுக்கு இன்னாய்யா தெரியும்? இது ஃபாரின் கலரு."

பெயின்ட் அடித்த துரை, கேக் வாங்கிப் போக வந்தபோது என்னிடம் தனியாகப் புலம்பினார். "நான் சொன்னேன்க்கா. அண்ணாத்தே, இது பெயின்ட்டா, இல்ல பெயின்ட்டு அடிக்கறதுக்கு மின்னாடி இருக்கறதா, எனக்கே டவுட்டா கீதுன்னேன். பொத்திகினு அடிடா, என் பொண்ணு உலகம் பூரா சுத்திகினு கலரு பாக்குது, அதுக்குத் தெரியாததா உனுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னாரு. ஒரு கோட்டுல மூடலக்கா. அந்த ரோஸு லேசுல போவல. மூணு கோட்டு அடிச்சேன்."

அம்மா என்னிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டே, எண்ணெயைப் பார்த்தபடி சொன்னார்: "ஆவடி பேக்டரில அந்த மனுசன் முப்பது வருசமா இன்னா வேல பாத்தாரு? மிலிட்டரி டாங்கிக்குப் பெயின்ட்டு. பச்சையும் மண்ணுமா அடிச்சு, எவன் கண்ணுலயும் படக்கூடாது. எவ்ளோ நல்லா அடிக்கிறாரோ அவ்ளோ தெரியக் கூடாது. ஊடு கட்டும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. இதாவது நாலு பேரு கண்ணுல படட்டும்டின்னாரு." முறுக்கை எடுத்துத் தட்டில் போட்டார். "நீ சொன்னன்னு அதையும் டாங்கி ஆக்கிட்டாரு."

சின்ன வயதில் அப்பாவின் நகக்கண்ணில் எப்போதும் ஒரு மங்கிய பச்சை இருக்கும். சோறு பிசைந்து ஊட்டும்போது அதைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன். அதை எந்தப் பக்கத்திலும் ஏற்ற நான் படம் எடுத்ததில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் பகலில் லியா கத்தினாள்: "அம்மா, பூனை ரோஸுக்குள்ள போயிடுச்சு!"

எங்கள் வீட்டுக்கும் மேரி அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு சாண் சந்து. பூனையும் கிரிக்கெட் பந்தும் மட்டும் போகும் இடம். துரையின் கை எட்டிய வரைக்கும் சாம்பல். அதற்கு அப்பால், உள்ளே தள்ளி, ஒட்டடைக்கு நடுவில், ரோஸ் அப்படியே இருந்தது. மேலே ஒரு முழம் கிளிப்பச்சைப் பட்டைகூட. லியா சுவரில் கன்னத்தை ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சந்துக்குள் கையை நீட்டிப் படம் எடுத்தேன். வெளிச்சம் இல்லை, பூனையின் வால் குறுக்கே வந்தது. உலகம் சுற்றி எடுத்த படங்களில் இவ்வளவு மோசமான படம் ஒன்றும் இல்லை.

பின்னால் அப்பா வந்து நின்றார். "அங்க இன்னா போட்டோ? ஐயோ, அத்த அடிக்காம உட்டுட்டானா தொர? கம்புல பிரஸ்ஸ கட்டி அடிக்கச் சொல்றேன் இரு."

"வேணாம்பா."

"ஏன் பாப்பா?"

மன்னிப்புக் கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் அமையாது. வாயைத் திறந்தேன். "பூனை இருக்குப்பா" என்றேன். மனப்பாடம் செய்தால்தான் எனக்கு உண்மை வரும் போலிருக்கிறது, அதுவும் பின்னிஷ் மொழியில்.

தம்பெரே திரும்பியதும் ஐனோவிடம் படத்தைக் கொடுத்து, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அன்றைக்கு ஏன் இல்லை என்றீர்கள்? ஓவியத்தை 'வீடு' பக்கத்தில் வைப்பதா, 'கதைகள்' பக்கத்தில் வைப்பதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்" என்றார். அவ்வளவுதான் விஷயம். ஓவியத்தைக் 'கதைகள்' பக்கத்திலிருந்து எடுத்து 'வீடு' பக்கத்துக்கு மாற்றினார். பக்கத்தில் பூனை வால் படத்தை லியா ஒட்டினாள். "அப்போ நான் சும்மா நெனைக்கல" என்று படத்திடம் சொல்வதுபோல் சொன்னாள். கீழே உள்ள கோட்டை நான் நிரப்ப வேண்டுமாம்.

அப்பா இப்போதே அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கேட்கத் தொடங்கிவிட்டார். வாரம் ஒருமுறை நிற அட்டையைப் படம் பிடித்து அனுப்பி, "இதுல எது, சொல்லு" என்கிறார். ரோஸ் என்று சொன்னால் உடனே அடித்துவிடுவார், ஆனால் அதுவும் நான் சொன்னதற்காக அடித்ததாகிவிடும். "உங்களுக்குப் பிடிச்சத அடிங்கப்பா" என்றால், "எனுக்கு எதுவா இருந்தா இன்னா பாப்பா? நீ வந்தா பாக்கணும்ல" என்கிறார். முப்பது வருடம் மேலிடம் சொன்ன நிறத்தை அடித்தவருக்கு, இப்போது மேலிடம் நான். வருடத்தில் இரண்டு வாரம் தங்கிப் போகிற மேலிடம்.

ஊரில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு வந்தவர்களும், ஊரிலேயே அவர்கள் பக்கத்தில் இருப்பவர்களும் இதற்கு ஒரு வழி சொல்லுங்கள். தனக்குப் பிடித்ததைத் தனக்காகவே தேர்ந்தெடுக்க ஓர் அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது? கோப்பில் என்ன எழுதுவது? சாம்பல் என்றால் லியா சண்டைக்கு வருவாள். ரோஸ் என்றால் அது ஒரு சாண் அகலத்துக்குத்தான் உண்மை. யோசித்து எழுதுங்கள், ஆனால் சீக்கிரம் எழுதுங்கள். துரை கம்பில் பிரஷ்ஷைக் கட்டுவதற்குள்.