யாரும் ஏறி நிற்க முடியாத பம்பர்

நான் இரும்பில் வேலை செய்கிறவன். ஒரு பைப் இரண்டு மில்லிமீட்டர் குறைந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டுவேன். எதையும் கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. அதனால் இதில் வரும் அளவும் நேரமும் எல்லாம் அப்படியே நடந்தவை. நம்பாதவர்கள் கிள்ளானுக்கு வந்து நிஜாமைக் கேட்கலாம். உடைந்த பைப்புகளை அவன் இன்னும் பின்பக்கம் அடுக்கித்தான் வைத்திருக்கிறான்.

என் பெயர் தனேஷ். காப்பார் ரோட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பட்டறை. காட்டுப் பாதையில் ஓடுகிற ஃபோர்வீல் வண்டிகளுக்கு பைப் வளைத்து பம்பர் செய்து கொடுப்பதுதான் எனக்குப் பிழைப்பு. நிஜாம் என்னுடைய வெல்டர். ராமநாதபுரத்துக்காரன், வேலை பெர்மிட்டில் இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருஷமாக என்னோடு இருக்கிறான்.

போன வருஷம் செப்டம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சபாபதி என்று ஒருவர் பச்சை ஹைலக்ஸ் பிக்கப் ஒன்றைக் கொண்டுவந்தார். ஐம்பது வயது இருக்கும். செமினியில் லோரி ஓட்டும் கம்பெனி வைத்திருப்பதாகச் சொன்னார்.

"செகண்ட் ஹேண்ட் வண்டி. வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகுது. முன்னாடி பம்பர் வேணும்."

முன்பக்கம் வெறுமையாக இருந்தது. குனிந்து பார்த்தேன். பழைய பம்பரை யாரும் போல்ட்டைத் திருகிக் கழற்றவில்லை. கிரைண்டர் போட்டு அறுத்திருந்தார்கள். போல்ட் எல்லாம் நல்ல போல்ட். திருகினால் ஐந்து நிமிடத்தில் வந்திருக்கும். அப்புறம் எதற்கு இந்த அவசரம்?

"எப்படி வேணும் அண்ணே?"

"யாரும் அது மேல ஏறி நிக்கக் கூடாது."

எனக்குப் புரியவில்லை. மற்றவர்கள் எல்லாம் ஏறி நிற்கத்தான் இடம் கேட்பார்கள். காட்டில் வண்டி மாட்டிக்கொண்டால் ஓர் ஆள் பம்பர் மேல் ஏறி நின்று பாரம் கொடுப்பான், டயர் பிடிக்கும்.

"எல்லா பைப்பும் சரிவா இருக்கணும். கால் வச்சா வழுக்கணும். கையால பிடிக்கவும் இடம் இருக்கக் கூடாது. முடியுமா, முடியாதா?"

முடியும் என்றேன். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்கு நடந்தார். வாசல் வண்டிக்கு முன்பக்கம்தான், பத்தடி. ஆனால் அவர் பின்பக்கமாகச் சுற்றி, சுவரை ஒட்டி, டயர் குவியலைத் தாண்டிப் போனார். வண்டியின் முன்னால் ஒரு தடவைகூடக் குறுக்கே போகவில்லை.

இந்த ஆள் யாரையோ அடித்துவிட்டு மறைக்கிறார் என்று எனக்கு அப்போதே தோன்றியது. அவர் போனதும் டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். சேஸி நேராக இருந்தது. ரத்தம், நசுங்கல், ஒன்றும் இல்லை. ரேடியேட்டர் மட்டும் புதுசு.

புதன்கிழமை போன் போட்டேன். "அண்ணே, இந்த வண்டி எங்கேயாச்சும் அடிபட்டுச்சா?"

"நீ போலீஸா? சொன்ன வேலையைச் செய் லா." வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை. மதியத்திலிருந்து மழை. நானும் நிஜாமும் இரண்டு அங்குல பைப்பை வளைத்து, முனைகளை மீன்வாய் மாதிரி வெட்டி, ஒன்றோடு ஒன்றும் வண்டியின் சேஸியோடும் பொருத்தினோம். முழுசாக வெல்டிங் செய்வதற்கு முன் அங்கங்கே ஒரு பொட்டு வைத்து நிறுத்துவோம். அதற்கு டேக் என்று பெயர். மொத்தம் பதினான்கு டேக். தரையிலிருந்து சேஸி முனை வரை அளந்தேன். இடது அறுபத்திரண்டு சென்டிமீட்டர். வலது அறுபத்திரண்டு.

7:16. பக்கத்து சுராவில், அந்தச் சின்னப் பள்ளிவாசலில், மஃரிப் பாங்கு கேட்டது. நிஜாம் கையைக் கழுவினான்.

"தொழுதுட்டு வந்துடுறேன்ணே."

7:19. நான் தனியாக இருந்தேன். கடைசியாக ஒரு தடவை ரசமட்டத்தை பம்பர் மேல் வைத்தேன்.

குமிழி ஒரு பக்கம் ஓடியது.

தரையில் டேப்பை வைத்து மறுபடி அளந்தேன். வலது அறுபத்திரண்டு. இடது... அறுபது.

டயரில் காற்று இறங்கியிருக்கும் என்று கேஜ் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் முப்பத்திரண்டு. நான் நிமிர்வதற்குள் ஸ்பிரிங் முனகியது.

கிரீச்...

இடது பக்கம் மெதுவாக மேலே வந்தது. அளந்தேன். அறுபத்திரண்டு.

சபாபதிதான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தேன். இல்லை, வண்டிக்குள் ஆள் ஒளிந்திருக்கிறது. கதவைத் திறந்து பார்த்தேன். முன் சீட், பின் சீட், அடியில். யாரும் இல்லை. பட்டறையின் பின்பக்க கேட் பூட்டித்தான் கிடந்தது.

மனசு கேட்கவில்லை. மேலே இருந்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நானே பம்பர் மேல் ஏறினேன். நான் எழுபத்தெட்டு கிலோ. கால் வழுக்கியது. எட்டிப் பார்த்தேன். டேப் அறுபதரை காட்டியது. இறங்கினேன்.

அப்படியென்றால் முதலில் ஏறியது... என்னைவிடக் கனமான ஆள்.

7:21. கிரீச்...

மறுபடி இறங்கியது. இந்தத் தடவை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் கொஞ்சம். பிறகு மீதி. ஒரு கால் வைத்து, அப்புறம் இன்னொரு கால் வைக்கிற மாதிரி.

டப் டப்.

பானெட் மேல் யாரோ உள்ளங்கையால் தட்டினார்கள். டிரைவருக்கு "சரி, எடு" என்று காட்டத் தட்டுவோமே, அதே மாதிரி.

7:22.

"கோஸ்தான்..."

ஆண் குரல். பின்னால் எடு என்கிறது. வண்டிக்கு முன்னால் இருந்து வந்தது. அங்கே மழையும் வாசலும் தவிர ஒன்றுமில்லை.

"கோஸ்தான் லா... சபா..."

என் கையிலிருந்து டேப் விழுந்தது.

டப் டப் டப் டப்.

இப்போது தட்டல் வேகமாக வந்தது.

"முன்னாடி இல்ல... சபா... கோஸ்தான்... கோஸ்..."

டக்.

ஒரு டேக் தெறித்தது.

டக்... டக்... டக்...

பம்பர் உள்பக்கமாக நகர்ந்தது. ரேடியேட்டரைப் பார்த்து. யாரோ முன்னால் நின்று அழுத்துகிற மாதிரி. இல்லை... யாரையோ ஒரு மரத்தோடு வைத்து அழுத்துகிற மாதிரி.

பதினான்கையும் எண்ணினேன்.

பிறகு பைப்புகள் தரையில் விழுந்தன.

ஸ்பிரிங் மேலே வந்தது.

அமைதி.

7:24.

நிஜாம் 7:41க்கு வந்தபோது நான் வாசலில் மழையில் நின்றிருந்தேன். அவன் உள்ளே போய்ப் பார்த்தான். ஒரு பைப்பை எடுத்து முனையைத் தடவினான்.

"என்னண்ணே, வெட்டிட்டீங்களா?"

"இல்ல."

"நான் அடிச்ச டேக் இது. சம்மட்டியால அடிச்சாலும் இப்படி விடாது."

நான் சபாபதிக்குப் போன் போட்டேன். ஒன்று மட்டும்தான் கேட்டேன்.

"உங்களை சபான்னு கூப்பிடுறது யாரு?"

ரொம்ப மெதுவாகக் கேட்டார்:

"உனக்கும் கேட்டுச்சா?"

வைத்துவிட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்தார். முகத்தில் தூக்கம் இல்லை. பம்பரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவியை வாங்கினார், ஏறினார். ரிவர்ஸ் போட அவர் கை கியரில் ரொம்ப நேரம் தடுமாறியது. மூன்று தடவை குனிந்து பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

எனக்கு மனசு ஆறவில்லை. பங்சாரில் டயர் கடை வைத்திருக்கும் ரிஷியைப் பிடித்தேன். ஃபோர்வீல் ஓட்டுகிறவர்கள் எல்லாரையும் அவனுக்குத் தெரியும்.

"பச்சை ஹைலக்ஸா? செகண்ட் ஹேண்ட்னா சொன்னாரு? புதுசா எடுத்ததே அவருதான் பாஸ். கார்த்திகேசு அண்ணனும் அவரும் எப்பவும் ஒண்ணாதான் காட்டுக்குப் போவாங்க."

"அவர் எங்கே?"

"போன வருஷம் செமினிக்கு அந்தப் பக்கம் காட்டுல, ரெண்டே பேர்தான் போனாங்க. கார்த்திகேசு அண்ணன் பள்ளத்துல சறுக்கி விழுந்துட்டாருன்னு சபாபதி சொன்னாரு. அதோட பேச்சு முடிஞ்சுபோச்சு."

ரிஷியிடமே கார்த்திகேசுவின் வீட்டு விலாசத்தை வாங்கிக்கொண்டேன். சுங்கை வே. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று முடிவு செய்தேன். நான் கேட்டதை அந்த வீட்டில் சொல்லாமல் இருந்தால் நானும் மறைத்தவன்தானே.

கதவைத் திறந்தது லோகேஸ்வரி, கார்த்திகேசுவின் மனைவி. நான் நெற்றியைப் பார்த்தேன். பொட்டு இருந்தது. கழுத்தில் தாலி இருந்தது. சுவரில் மாலை போட்ட படம் எதுவும் இல்லை.

"அண்ணனைப் பத்திப் பேச வந்தேன்க்கா."

"உள்ள வாங்க. ரூம்லதான் இருக்காரு."

இறந்துபோனவர் வீடு என்று நினைத்து வந்தவன், செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பின்னால் போனேன்.

கட்டிலில் ஒரு மனிதர் படுத்திருந்தார். பெரிய உடம்பு, இப்போது கொஞ்சம் வற்றியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. நெஞ்செலும்பு நொறுங்கி, மூச்சு நின்று, மூளைக்குக் காற்றுப் போகாமல் இப்படி ஆகிவிட்டதாம். பதினான்கு மாதமாகப் பேச்சில்லை, அசைவில்லை.

"சபாபதி அண்ணன் வாரா வாரம் பழம் வாங்கிட்டு வருவாரு. வாசலோட போயிடுவாரு, ரூமுக்குள்ள வர மாட்டாரு. வெள்ளிக்கிழமையிலிருந்து ஆளையே காணோம். போனும் எடுக்கல."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டியது, கூப்பிட்டது, எந்த கியரைப் போடச் சொன்னது. லோகேஸ்வரி அழவில்லை. சேலை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"நாளைக்கே போலீஸ்ல ரிப்போர்ட் போடுறேன். பேயைச் சாட்சியா கூப்பிட முடியாது. ஆனா பொய் சொன்ன ஆள் ஓடுறாருன்னு சொல்லலாம் இல்ல?"

பிறகு கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கினார்.

"நீங்க இரும்பு வேலை செய்றவருதானே. இதைப் பார்த்துச் சொல்லுங்க."

இரண்டு உள்ளங்காலிலும் குறுக்கே ஒரு நீலக் கன்றல். அகலமாக, நேராக. உருண்டையான எதன் மேலோ ரொம்ப நேரம் ஊன்றி நின்ற கால்.

"வியாழக்கிழமை ராத்திரி உடம்பு துடைக்கும்போது பார்த்தேன். காலைல டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என்னைத் திட்டுறாரு தம்பி..."

லோகேஸ்வரி என்னை நேராகப் பார்த்தார்.

"இவரை யாரு நிக்க வச்சதுன்னு கேக்குறாரு."